போக ஒரு நடை, வர ஒரு நடை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை, என் பிழையில் பிறந்தது. மாநிலம் முழுவதற்குமான ஒரு போக்குவரத்துப் பெருந்திட்டத்துக்காக வீடு வீடாகப் போய்க் கேட்டு நிரப்பும் படிவம் ஒன்றைப் போன வருடம் தமிழாக்கிக் கொடுத்தேன். பேருந்து, ரயில், சரக்கு வண்டி, மிதிவண்டி, மனிதனின் இரண்டு கால்கள் என்று எல்லாவற்றையும் ஒரே திட்டத்துக்குள் கொண்டுவந்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கு வைத்து, எந்தப் பகுதி எவ்வளவு எட்டியது என்று வருடாவருடம் மதிப்பெண் போடப்போகிறார்கள். அதில் ஒரு கட்டத்துக்கு ‘நடந்து சென்ற பயணங்களின் எண்ணிக்கை’ என்று தலைப்பு வரவேண்டும். கட்டமோ சின்னது. நான் ‘நடை’ என்று போட்டேன். சுருக்கமாகவும் லட்சணமாகவும் இருக்கிறது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

நானும் தேனி மாவட்டத்துக்காரன்தான். எங்கள் பக்கம் நடை என்றால் காலால் நடப்பது மட்டும் இல்லை, எதில் போனாலும் ஒரு தரம் போவது ஒரு நடை என்று எனக்குத் தெரியாதா? ‘காலையிலருந்து மூணு நடை அடிச்சாச்சு’ என்பான் லோடு ஏற்றும் லாரிக்காரன். ‘ஒரு நடை போய்ப் பாத்துட்டு வா’ என்று பஸ் ஏறுகிறவனிடமும் சொல்வார்கள். எல்லாம் தெரியும். அந்த நேரத்தில் தோன்றவில்லை. எழுதுகிறவனுக்கு நடை என்றால் தன் உரைநடைதான் ஞாபகத்துக்கு வரும். அவன் நினைப்பு அவனுக்கு.

அந்த ஒரு சொல் போடிநாயக்கனூரில் ஒரு வீட்டுக்குள் புகுந்து என்ன செய்திருக்கும் என்பதுதான் கதை. எப்படித் தொடங்குவது என்று மூன்று நாள் மல்லுக்கட்டினேன்.

தொடக்கம் ஒன்று: ‘ஏலக்காய் மணம் கமழும் போடியின் இளங்காலைப் பொழுதில்’ [அடித்துவிட்டேன். ஏலக்காய்க் கடைத்தெருவுக்குள் போய்ப் பாருங்கள், மணத்துக்கு முன்னால் சாக்குத் தூசி வந்து மூக்கில் ஏறும்.]

தொடக்கம் இரண்டு: ‘முத்துக்கண்ணன் அடிப்படையில் நல்லவன். ஆனால்’ [ஆனால் என்று போட்ட பிறகு அந்த நல்லவனை யார் நம்புவார்கள்?]

தொடக்கம் மூன்று: ‘பெண்டாட்டியின் படம் பேப்பரில் வந்த அன்று முத்துக்கண்ணனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.’ இது பொருந்தும். இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

பெண்டாட்டியின் படம் பேப்பரில் வந்த அன்று முத்துக்கண்ணனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாலாவது இட்லியைப் பிட்டுப்போட்டுவிட்டுக் கை கழுவினான். உள்ளூர்ப் பக்கத்தில், ஆட்டோ கவிழ்ந்த செய்திக்குக் கீழே, பானுப்பிரியா தபால்தலை அளவில் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தலைப்பு: ‘நடப்பதில் மாநிலத்துக்கே முன்னோடி போடி மலைச்சரிவு.’

கணவனும் மனைவியும் ஒன்றாகத்தான் வேலைக்குச் சேர்ந்தார்கள். கணக்கெடுப்பாளர் வேலை, ஆறு மாத ஒப்பந்தம். அவனுக்குத் தேவாரம் பக்கத்துக் கிராமங்கள். அவளுக்குச் சிலமலையில் தொடங்கி மேலே குரங்கணி, போடிமெட்டு வரைக்கும். இருவரும் ஒரே வண்டியில் புறப்பட்டு, அவளை இறக்கிவிட்டு அவன் போவான். சாயங்காலம் வந்து, எத்தனை வீடு முடித்தாய் என்று கேட்டுக்கொள்வார்கள். என்றைக்கும் அவளுக்கு அஞ்சாறு வீடு கூடுதலாக இருக்கும். அப்போதே ஆரம்பித்துவிட்டது.

இப்போது வரைவுத் திட்டம் வெளியாகியிருக்கிறது. அதில் ஓர் இலக்கு: பத்து வருடத்துக்குள் நூறு பயணங்களில் குறைந்தது முப்பது காலாலோ மிதிவண்டியாலோ அமைய வேண்டும். முத்துக்கண்ணனின் பகுதிக்கு நேராக ‘4’ என்று சிவப்புப் புள்ளி. பானுப்பிரியாவின் பகுதிக்கு நேராக ‘71’ என்று பச்சைப் புள்ளி. ‘இலக்கு எட்டப்பட்டது.’ பத்து வருட வேலையை ஒரு பெண் ஆறு மாதத்தில் முடித்துக் கொடுத்துவிட்டாள். சென்னையில் நடக்கும் பயிலரங்கில் அவளைப் பாராட்டிப் பேசவும் வைக்கப்போகிறார்கள்.

மாவட்ட ஒருங்கிணைப்பாளர் ராம்பிரசாத் அவனைப் போனில் கூப்பிட்டார். பாராட்ட இல்லை.

“என்ன முத்துக்கண்ணன், உங்க ஏரியாவுல ஆளுக பாத்ரூமுக்காவது நடக்குறாங்களா, அதுக்கும் பைக்குதானா?”

“சார், நான் இருக்கிறத எடுத்துருக்கேன்.”

“எடுக்குறதுல ஒரு இது இருக்குல்ல. வீட்டம்மாகிட்டக் கொஞ்சம் கேட்டுக்கங்களேன், எப்படி விவரமா எடுக்குறதுன்னு.”

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பது இதுதான்.

[பானுப்பிரியாவைக் கொஞ்சம் தலைக்கனம் பிடித்தவளாகக் காட்டினால் அவன் பொறாமைக்கு ஒரு நியாயம் கிடைக்கும் என்று முயன்றேன். ‘அவள் பேப்பரை மடித்து எல்லோர் கண்ணிலும் படும்படி’ என்று எழுதினேன். அவள் உடன்படவில்லை. அந்தப் பேப்பரை விரித்து மகளுக்குத் தலை வாரி, விழுந்த முடியை அதிலேயே சுருட்டிக் குப்பையில் போட்டாள்.]

ராம்பிரசாத் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். அன்று சாயங்காலம் அவள் வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஏங்க, சென்னையில ரெண்டு நிமிசம் பேசணுமாம். எனக்கு எழுத வராது. நீங்கதான நல்லா எழுதுவீங்க. எழுதிக் குடுங்க.”

3

கதையை இங்கே நிறுத்திவிட்டு என்னைப் பற்றிக் கொஞ்சம்.

பொறாமை என்ற சொல்லைப் பிரித்தால் பொறுக்காமைதான் மிஞ்சும். ஒன்றைச் செய்துவிட்டதால் வருகிற குற்றம் இல்லை இது, ஒன்றைத் தாங்க முடியாததால் வருகிறது. நம் மொழி இதற்கு உடம்பில்தான் இடம் ஒதுக்கியிருக்கிறது. வயிறு எரியும், கண் படும், காதில் புகை வரும். மனசுக்கு இதில் வேலையே இல்லாதது மாதிரி.

என் நண்பன் ஒருவனின் நாவலுக்குப் பரிசு அறிவித்த அன்று நான் என்ன செய்தேன் தெரியுமா? அவனுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, அந்த நாவலை எடுத்துவைத்து அச்சுப்பிழை தேடினேன். பதினொன்று அகப்பட்டது. அதன் பிறகுதான் மத்தியானச் சோறு இறங்கியது. முத்துக்கண்ணன் அடுத்து என்ன செய்வான் என்று யோசிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை.

4

அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துப் படிவ நகல்கள் இருந்த பையை எடுத்தான். உரை எழுதத் தகவல் வேண்டுமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவன் தேடியது தகவலை இல்லை என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஏழாவது படிவத்தில் அகப்பட்டது.

‘குருவம்மாள், வயது 46, சிலமலை. வேலை: ஏலக்காய்த் தோட்டத்தில் பழம் எடுப்பது. சேருமிடம்: போடிமெட்டு. நடை: 2. பேருந்து: 0. ரயில்: 0. மற்றவை: ஜீப்பு.’

இரண்டு தரம் படித்தான். சிலமலையிலிருந்து போடிமெட்டு முப்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும், அதிலும் பாதிக்கு மேல் ஏற்றம். நாற்பத்தாறு வயதுக்காரி காலையில் நடந்தே ஏறி, நாளெல்லாம் குனிந்து பழம் எடுத்து, சாயங்காலம் நடந்தே இறங்கிச் சோறாக்குகிறாளாம். அடுத்த படிவத்திலும் நடை 2. அதற்கடுத்ததிலும் அப்படியே.

பானுப்பிரியா ‘நடை’ என்ற தலைப்பைப் பார்த்தாள். எத்தனை தடவை போய்வருகிறார்கள் என்று கேட்கிறார்கள்போல என்று எடுத்துக்கொண்டாள். எதில் போகிறார்கள் என்பதை ‘மற்றவை’ கட்டத்தில் ஒழுங்காக, குண்டுக் கையெழுத்தில் எழுதிவைத்தாள். ஆனால் கணினிக்கு அந்தக் கட்டத்தில் எண் மட்டும்தான் வேண்டும். ‘ஜீப்பு’ என்ற எழுத்தைக் கண்டதும் பூஜ்யம் போட்டுவிட்டது. மலைக்குப் போகிற ஜீப்புகள் அத்தனையும் ஒரே நாளில் ஆவியாகி, அதில் போனவர்கள் எல்லாம் ரோட்டில் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

முத்துக்கண்ணனுக்கு வயிறு குளிர்ந்தது. வாய்விட்டே சிரித்தான்.

“என்னங்க சிரிக்கிறீங்க?” என்று குளியலறைக்குள்ளிருந்து கேட்டாள்.

“ஒண்ணுமில்ல. நீ வெரசாக் குளிச்சிட்டு வா.”

5

[இந்த இடத்தில் கதையை முடித்துவிட்டால் நல்ல நகைச்சுவைக் கதை. பத்திரிகையில் போடுவார்கள். ஆனால் வரைவுத் திட்டத்தின் அடுத்த பக்கத்தை நான் படித்துத் தொலைத்திருக்கிறேன். முத்துக்கண்ணனையும் படிக்க வைத்தேன்.]

அடுத்த பக்கத்தில் இருந்தது இதுதான். சிலமலையிலிருந்து போடிமெட்டுக்கு விடிகாலை பஸ் ஒன்று விட முந்தைய வரைவில் இடம் இருந்தது. இப்போது இல்லை. ‘இப்பகுதி மக்கள் பெரும்பாலும் நடந்தே செல்வதால்’ அந்தப் பஸ் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டது. பதிலுக்கு, நிழல் மரங்களும் இளைப்பாறும் இருக்கைகளும் கொண்ட நடைபாதை. யாராவது மறுப்புச் சொல்வதென்றால் சென்னைப் பயிலரங்கு நாளோடு கெடு முடிகிறது.

மறுநாள் சாயங்காலம் சிலமலைக்குப் பிரியும் விலக்கில் போய் நின்றான். ஜீப் வந்தது. முன்னால் நாலு பேர், நடுவில் ஆறு பேர், பின்னால் எட்டு பேர், அதற்கும் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர். அந்த இரண்டு பேரில் ஒருத்தி குருவம்மாள். இறங்கிக் காலை உதறிக்கொண்டு நின்றவளிடம் பேரைக் கேட்டுக்கொண்டு தன்னை யாரென்று சொன்னான்.

“ஆமா, பானுப்பொண்ணு வீட்டுக்காரரா? தங்கமான பொண்ணு. எம்புட்டுப் பொறுமையாக் கேட்டுச்சு. என்ன சோலியா வந்தீக அப்பு?”

“ஒரு சந்தேகம்க்கா. நீங்க தோட்டத்துக்கு நடந்தா போறீங்க?”

குருவம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“நடக்கவா? எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? நடந்தாப் போய்ச் சேர்றதுக்குள்ள மறுநா விடிஞ்சிரும்.”

“ரெண்டு நடைன்னு எழுதியிருக்கே.”

“போக ஒரு நடை, வர ஒரு நடை. ரெண்டுதான? அந்தப் புள்ள சரியாத்தான எழுதியிருக்கு.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

“சிரிச்சா மட்டும் ஆச்சா. எந்தங்கச்சி அன்னக்கொடி இதே கம்பியத்தான் புடிச்சிட்டு வந்தா. போன மாசம் கொண்டை ஊசி வளைவுல கை நழுவி விழுந்து, இடுப்பு ஒடிஞ்சு கெடக்கா. இன்னைக்கு நான் நின்னு வந்தது அவ எடத்துல. பஸ்சு விடப் போறாகன்னு பானுப்பொண்ணு சொல்லுச்சே, எப்ப அப்பு வரும்?”

விசாரிச்சுச் சொல்றேன்க்கா என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

6

இப்போது அவன் கையில் ஓர் உண்மை இருக்கிறது. அதைச் சொல்லியே ஆக வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் அதைத் தேடிப் போனது வயிற்றெரிச்சல். அவன் வாயைத் திறந்தால் ராம்பிரசாத் என்ன சொல்வார்? பெண்டாட்டி பேர் வாங்கியதைப் பொறுக்கமாட்டாமல் காட்டிக்கொடுக்கிறான் என்பார். அது பொய்யா என்றால் அதுவும் இல்லை. சரியான காரியத்தைக் கெட்ட மனசோடு செய்யலாமா? எனக்குத் தெரியவில்லை. செய்யாமல் விட்டால் கம்பியில் அடுத்துத் தொங்குகிறவளுக்கு அவன் மனசு கெட்டதா நல்லதா என்பதில் என்ன வந்தது?

அவனுக்காக இரண்டு முடிவுகள் எழுதிப்பார்த்தேன்.

முடிவு ஒன்று: பேர் போடாமல் ஒரு மறுப்புக் கடிதம் அனுப்புகிறான். பஸ் திரும்பி வருகிறது. பானுப்பிரியாவைப் பாராட்டு மேடைக்குப் பக்கத்து அறையில் உட்காரவைத்து நாலு அதிகாரிகள் குடைகிறார்கள். யார் போட்ட மொட்டைக் கடிதம் என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது. [எழுதும்போது எனக்கு இது பிடித்திருந்தது. அதனாலேயே நீக்கிவிட்டேன்.]

முடிவு இரண்டு: வாயை மூடிக்கொள்கிறான். நடைபாதை வருகிறது, மரம் நடுகிறார்கள், இருக்கைகளில் [வேண்டாம். குருவம்மாள் முகத்தில் நான் எப்படி முழிப்பது?]

அவன் மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடித்தான். அவள் கேட்ட உரையை எழுத உட்கார்ந்தான்.

‘மதிப்புக்குரிய அதிகாரிகளே, எங்கள் மக்கள் நடப்பதில்’ அடித்தான்.

‘எண்ணிக்கை என்பது’ அடித்தான்.

பிறகு ஒரே மூச்சில் எழுதினான். ‘எங்கள் பகுதியின் எழுபத்தொன்று என்ற கணக்கு தவறு. எங்கள் பெண்கள் நடக்கவில்லை. ஒரு ஜீப்பில் இருபது பேராகத் தொங்கிக்கொண்டு மலை ஏறுகிறார்கள். எங்கள் ஊரில் ஒரு தரம் போவதை ஒரு நடை என்போம். அதைத்தான் படிவத்தில் எழுதியிருக்கிறோம். நடைபாதை வேண்டாம், எடுத்த பஸ்ஸைத் திரும்பக் கொடுங்கள். இந்தத் தவறு என்னுடையது.’

தாளை மடித்து அவள் பைக்குள் வைத்தான். ரயிலில் உட்கார்ந்து படித்துக்கொள் என்று சொல்வதாகத் திட்டம். அவள் தன் தவறைத் தானே கண்டுபிடித்துச் சொன்னது போல ஆகிவிடும், பெருந்தன்மைதானே என்று நினைத்துக்கொண்டான். நூறு அதிகாரிகள் முன்னால் அவள் வாயாலேயே அவள் தோல்வியைச் சொல்ல வைக்கிறான் என்றும் பார்க்கலாம். எது என்று கேட்டேன். அவன் பையின் ஜிப்பை இழுத்து மூடினான்.

7

இதுவரை ஒன்றை அவன் என்னிடமே மறைத்துவிட்டான். அல்லது நான்தான் உங்களிடம் மறைத்தேன். இரண்டும் ஒன்றுதான்.

கணக்கெடுப்பு தொடங்கும் முன்பு தேனியில் இரண்டு நாள் பயிற்சி நடந்தது. இரண்டாம் நாள் மகளுக்குக் காய்ச்சல். பானுப்பிரியா வீட்டில் தங்கிவிட்டாள், முத்துக்கண்ணன் மட்டும் போனான். அன்று மத்தியானம் ஒரு கணக்கெடுப்பாளர் எழுந்து கேட்டார்: “சார், நடைன்னா ட்ரிப்பா?” அறையில் இருந்த ஐம்பது பேரும் சிரித்தார்கள். ராம்பிரசாத் சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: “ட்ரிப்பு இல்லய்யா, காலு. காலால நடந்தா மட்டும் எழுதுங்க.”

எழுந்து கேட்டவன் முத்துக்கண்ணன்.

அதனால்தான் மற்ற பகுதிகளில் யாரும் தப்புச் செய்யவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவள், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டே, “இன்னைக்கு என்ன சொல்லிக்குடுத்தாங்க?” என்று கேட்டாள். ஐம்பது பேர் சிரித்தது அவன் காதுக்குள் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. “புதுசா ஒண்ணுமில்ல” என்றான்.

வெட்கத்தில் சொன்னானா? இவளாவது ஓரிடத்தில் தடுக்கட்டுமே என்று அப்போதே உள்ளே ஏதோ ஒன்று நினைத்ததா? உருவாக்கிய எனக்கே அந்த இடம் இருட்டாக இருக்கிறது. சின்னக் கட்டத்துக்குள் சொல்லை நுழைத்த நான் அவனைக் குறுக்கு விசாரணை செய்ய என்ன யோக்கியதை வைத்திருக்கிறேன்?

8

போடி ஸ்டேஷன். சாயங்கால ரயில் நின்றுகொண்டிருந்தது. மதுரை போய் அங்கிருந்து சென்னை வண்டி பிடிக்க வேண்டும். அவன் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு வருவதற்குள் பானுப்பிரியா பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து தாளைப் பிரித்துவிட்டாள்.

படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

“அப்ப நடைன்னா காலா?”

“ம்.”

“குருவம்மாக்கா மலைக்கு நடந்து போகுதுன்னா நான் எழுதிக் குடுத்துருக்கேன்?” அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு நின்றதும் முகம் கறுத்துவிட்டது. பாராட்டுக்கென்று கட்டிக்கொண்டு வந்த புதுப் புடவையின் மடிப்பை நீவிவிட்டாள். அழுவாள் என்று எதிர்பார்த்தான். தேற்றுவதற்கு ஒரு வாக்கியம்கூடத் தயாராக வைத்திருந்தான்.

“வாசிக்கிறேன்” என்றாள். “தலைகுனிவுதான். போனாப் போகுது. இதவிட வேற எப்ப அம்புட்டுப் பேரும் ஒண்ணா உக்காந்து கேப்பாக? பஸ்சு வரணும்ல.”

முத்துக்கண்ணனுக்குத் திரும்பவும் எரிந்தது, முன்னைவிட மோசமாக. தோற்பதிலும் அவளே முந்திக்கொண்டாள். அவன் பத்து நாளாகச் சுமந்து திணறியதை அவள் ஒரு நிமிடத்தில் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு புறப்படத் தயாராகிவிட்டாள். இந்தப் பெண்ணை எதில்தான் ஜெயிப்பது?

தாளை மடிக்கப் போனவள் நிறுத்தினாள். கடைசி வரியில் விரலை வைத்தாள்.

“ஏங்க. இது நீங்க எழுதுனது. வாசிக்கப்போறது நான். ‘இந்தத் தவறு என்னுடையது’ன்னு போட்டிருக்கீங்களே, இது யாரு?”

கேட்டதில் குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், படிவத்தை நிரப்பும்போது கேட்பாளே, அதே குரலில்.

அவன் வாயைத் திறந்துவிட்டான். அவன் சொல்ல வேண்டியதை நான் இரண்டு விதமாக எழுதிவைத்திருந்தேன். ஒன்றில் அவன் தேனிப் பயிற்சியைச் சொல்கிறான். இன்னொன்றில், நீதான் பேசுகிறாய், அதனால் அது உன்னுடையதுதான் என்று இலக்கணம் பேசுகிறான். இரண்டையும் கிழித்துவிட்டேன். நான் எதை எழுதினாலும் எனக்குச் சாதகமாகத்தான் எழுதுவேன்.

நீங்கள் கொடுங்கள் அவனுக்கு ஒரு பதிலை. வண்டி புறப்பட ஐந்து நிமிடம் இருக்கிறது, அவள் காத்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் யோசித்துக் கொடுங்கள். அறுநூற்றுப் பன்னிரண்டு வீட்டு வாசலில் நின்று பதில் வாங்கியவள் அவள். ஒரு சொல்லைத் தப்பாக எடுத்துக்கொண்டிருக்கலாம். ஒரு முகத்தை இதுவரை தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.